தத்தகாரத்தில் இல்லாத பெயர்

இல்லவே இல்லை. மதியம் பள்ளிக்கூடம் விட்டு குரோம்பேட்டையில் ரயில் ஏறினதிலிருந்து சுகிர்தா அந்த மெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாயிற்று. இல்லாதது இல்லாததுதான், இனிமேல் கேட்டு மட்டும் முளைத்து வந்துவிடுமா என்ன? ஆனால் விரல் சும்மா இருந்தால்தானே. மெட்டு ஒரு நிமிஷம்கூட நீளமில்லை. முதலில் ஆசீர் தொண்டையைச் செருமுகிறான், பிறகு கீபோர்டு, பிறகு அவன் குரல்: தானந் தனத்தனா, லல. தானந் தனத்தனா, லல. அந்த லலவில்தான் இவள் உயிர் போய் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், தெரியட்டும். மெட்டுப் போடுகிறவன் வார்த்தை வருகிற வரைக்கும் வாயில் எதையாவது போட்டு மென்று அளவு காட்டுவான், தானத்தன தந்தன என்று. தத்தகாரம் என்று அதற்குப் பெயர். அதைக் கேட்டு, அந்த அளவுக்கு வார்த்தை தைத்துக் கொடுப்பது இவள் வேலை. அவன் மெட்டு, இவள் வார்த்தை, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இப்படித்தான். இதில் ஆசீருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்த மெட்டானாலும் வரியின் கடைசியில் ரெண்டு குட்டி அட்சரம் மிஞ்சினால் அங்கே 'சுகி' என்று போட்டுவிடுவான். தானந் தனத்தனா சுகி. தந்தான தானன சுகி. வார்த்தை வந்ததும் சுகி போய்விடுவாள், பாட்டில் இருக்கமாட்டாள், கேட்கிற ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, அவர்கள் போட்ட ஒவ்வொரு பாட்டும் பிறக்கும்போது இவள் பேரைச் சொல்லிக்கொண்டுதான் பிறந்தது. இன்றைக்கு வந்த இதில் லல. லலவாம், லல! ரயில் பல்லாவரத்தில் நின்றது, நாலு பேர் இறங்கினார்கள், பத்து பேர் ஏறினார்கள்.

வந்த விதம் மட்டும் என்ன வாழ்ந்தது? காலையில் இவள் பள்ளிக்கூடத்துக்குப் புடவை கட்டிக்கொண்டிருக்கும்போது போன் கிணுக்கென்றது. எடுத்துப் பார்த்தால் ஆசீர். பக்கத்து அறையில் இருக்கிற ஆசீர். நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவரில் ஒரு கதவு, அந்தக் கதவும் திறந்துதான் கிடந்தது. அதன் வழியாக வராமல் மெட்டு எங்கேயோ வானத்துக்குப் போய், சுற்றி, வாட்ஸ்அப்பில் இறங்கி வந்தது. கீழே ஒரு வரி: 'மூணு மணிக்கு ஸ்டுடியோல சிங்கர் வந்துருவாங்க, பல்லவி மட்டும் போதும்'. வந்துருவாங்க, போதும். ஆபீஸில் மேனேஜருக்கு எழுதுகிற மாதிரி. முன்பெல்லாம் ஏட்டி சுகி, இங்க வா, எல்லாத்தையும் போட்டது போட்டபடி போட்டுட்டு வா என்று கத்துவான், இவள் மாவுக் கையோடு ஓடிப்போய் நிற்பாள், ஒரு காதில் அவன் மாட்டிவிடுகிற ஹெட்போன் முழுக்க மாவாகும், அதற்கும் கத்துவான். இப்போது கத்துவதில்லை. கத்தாத மனுஷனை என்ன செய்ய? திங்கட்கிழமை ஹைதராபாத் போகிறான். வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் சத்தம் போட்டுக் கொடுக்கிற வேலை; குதித்தால் ஒரு சத்தம், செத்தால் ஒரு சத்தம். நல்ல வேலைதான், யார் வேண்டாம் என்றது. அப்போ நான்? அந்தக் கேள்வியை இவள் கேட்கவில்லை. அவனாகச் சொல்வான் என்று இருந்தாள். அவனும் சொன்னான், தட்டில் கையைக் கழுவிக்கொண்டே, "உனக்கும் ஸ்கூல் இருக்குல்லா, உன் வசதிப்படி பாரு." உன் வசதிப்படி பாரு. வா என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. அந்த மூன்று வார்த்தையை எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியமாட்டேன் என்கிறது. ஒரு ஆள் மட்டும் தங்குகிற அறை பார்த்திருப்பானோ? பார்த்திருப்பான். கேட்டால் போயிற்று. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

வசதி. அந்த வார்த்தை புதுசில்லை, அவன் வாயில் ரொம்ப நாளாக இருக்கிற வார்த்தை. பாளையங்கோட்டையில் கோயில் பாடகர் குழுவில் இவன் கீபோர்டு, இவள் ரெண்டாவது வரிசையில் ஆல்டோ என்கிற கீழ்க்குரல். கிறிஸ்துமஸுக்குப் புதுப்பாட்டு ஒன்று போடுகிறேன், வார்த்தை எழுதித் தாரியா என்று கேட்டு ஒரு மெட்டைப் பாடிக் காட்டினான், அதில் ஆண்டவருக்கு வரவேண்டிய இடத்தில் சுகி சுகி என்று வந்தது. இவளுக்குக் காது வரைக்கும் சூடு. "என் பேரை எதுக்கு இதுல போடுறீங்க?" "சும்மா, வாய்க்கு வசதியா இருக்கு" என்றான், கீபோர்டுக் கட்டையைப் பார்த்துக்கொண்டே. பாவி, அவ்வளவுதான் சொன்னான். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்காமல் கிடந்தாள். சென்னைக்கு வந்த பிறகு சாமி பாட்டு போய்விட்டது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒருத்தி தனியாகக் கேட்கிற பாட்டு, மெதுவாக மிதக்கிற பாட்டு, கீபோர்டு சத்தம் பனி மாதிரி பரவிக்கொண்டே இருக்க நடுவில் ஒரு குரல் நீ போகிறாயா போய்விட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். போகிற காதலைப் பற்றித்தான் எல்லாம். பெரிய கூட்டம் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் கேட்டவர்கள் அழுதார்கள், கீழே எழுதினார்கள், அக்கா உங்களுக்கு எப்படி என் கதை தெரியும் என்று. தெரியாது தாயி, சத்தியமாகத் தெரியாது. அப்போது வீட்டில் காதல் கிண்ணென்று இருந்தது, பக்கத்து அறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பிரிவை எழுதினாள், எழுதி முடித்ததும் ரெண்டு பேரும் பரோட்டா சாப்பிடப் போனார்கள். விளையாட்டாக எழுதினது எல்லாம் இப்போது வரிசையாக வந்து வாசலில் நிற்கிறதோ? நினைத்ததும் தொண்டையில் அந்தப் பழைய கரகரப்பு. பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள், இருந்தது.

அந்த வீசிங்தான் குரலைக் கெடுத்தது. முதலில் இவள்தான் பாடினாள், எல்லாப் பாட்டையும். போன மழைக்காலத்திலிருந்து மூச்சு வரியின் கடைசி வரைக்கும் போவதில்லை. முடிகிற இடத்தில் ஒரு சின்ன இழுப்பு, வண்டி ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்குகிற மாதிரி. ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடவைத்தான், கடைசியில் "விடு சுகி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான். நாளைக்கு வேறு ஒரு பெண் வந்தாள். நிரஞ்சனாவாம், கண்ணாடிக் குரல், மூச்சு விடுகிற சத்தமே கேட்காது, மீனாகப் பிறந்திருக்க வேண்டியவள். நல்ல பிள்ளைதான், அக்கா அக்கா என்றுதான் சுற்றிவருகிறாள், அவளைச் சொல்லி என்ன? முதலில் குரல் போனது. இப்போது பேர் போனது. அடுத்து வார்த்தை, அதற்கும் ஹைதராபாத்தில் ஆள் இல்லாமலா போகும், அதுவும் போய்விட்டால் இவளிடத்தில் மிச்சம் என்ன இருக்கிறது அவன் திரும்பிப் பார்க்க? சாம்பார் இருக்கிறது. அதுவும் சுமார்தான். தானே நினைத்துத் தானே சிரித்தாள், சிரித்த சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. எதிரில் நீலச் சீருடையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாள், எங்கேயோ ஆபீஸில் கூட்டிப் பெருக்குகிறவள் போலிருந்தது, கையை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தாள். "இன்னாம்மா, பாட்டு கேக்குறியா, இல்ல யார்னா திட்டி அனுப்பிக்கிறாங்களா? மூஞ்சே சரியில்லியே." "பாட்டுதாங்க்கா." "அப்படி அழுது அழுது கேக்குற பாட்டு எதுக்கு? குத்துப்பாட்டு போட்டுக் கேளு. இந்தா, கடலை துண்ணு." நாலு கடலை உள்ளங்கையில் விழுந்தது, மறுக்கத் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டாள். எங்கே இறங்கணும் என்று கேட்டதற்குக் கோடம்பாக்கம் என்றாள்.

சரி, அழுகையை அப்புறம் பார்க்கலாம், பல்லவி? தானந் தனத்தனா. ஈரம் உலர்ந்ததா. தூ, எத்தனை பாட்டில்தான் ஈரத்தை உலர்த்துவது, வண்ணான் துறையா? தூரம் குறைந்ததா. குறையவில்லை, அதுதான் தெரிகிறதே, வேறு சொல்லு. எழுதி எழுதிப் பழகின கைக்கு எல்லாம் வருகிறது, வந்ததும் புளித்துப்போகிறது. அவனானால் லல என்று போட்டுவிட்டு நிம்மதியாக ஸ்டுடியோவில் ஏசியில் உட்கார்ந்திருப்பான். ஏன் எடுத்தான் பேரை? மறந்து எடுத்தானா, வேண்டுமென்று எடுத்தானா? மறந்திருந்தால் அது இன்னும் மோசம். மறந்துபோகிற அளவுக்கு வாய் பழகிவிட்டது என்றால், வேறு பேர் பழகிக்கொண்டிருக்கிறது என்றால், சீ, அப்படியெல்லாம் இல்லை, ஆசீர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எந்த ஆள்தான் அப்படிப்பட்ட ஆள் என்று எழுதி ஒட்டிக்கொண்டு திரிகிறான்? பழவந்தாங்கல். போன் கிணுக்கென்றது: 'எதுல வர்ற?' அவ்வளவுதான். ரயிலில் வருகிறேன், அழுதுகொண்டு வருகிறேன், கடலை தின்றுகொண்டு வருகிறேன். 'டிரெய்ன்' என்று மட்டும் அடித்து அனுப்பினாள். யாரைக் குற்றம் சொல்ல, இவள் பதிலும் அதே லட்சணத்தில்தான் இருந்தது.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. வந்தது என்ன, காலையிலிருந்து கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது, இவள்தான் திறக்காமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள். நிரஞ்சனா முதல்தடவை பாட வந்த அன்று. ஸ்டுடியோவில் பெரிய ஸ்பீக்கரில் ஆசீரின் மெட்டைப் போட்டார்கள், அவள் கேட்டுப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. சுகி சுகி என்று அறை முழுக்க ஓடியது. இன்ஜினியர் சிரித்தான். "யாருண்ணே அது சுகி?" நிரஞ்சனாவும் சிரித்துவிட்டாள், பாவம், தெரியாமல். எல்லாரும் இவளைத் திரும்பிப் பார்த்தார்கள். குரல் போய் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இவளை. குளியலறைக் கதவை யாரோ சட்டென்று திறந்துவிட்ட மாதிரி கூசிப்போயிற்று. வீட்டுக்கு வந்து ஒரு ஆட்டம் ஆடினாள்: "இனிமே என் பேரை எதுலயும் போடாதீங்க. நாலு பேர் சிரிக்கவா நான் கிடக்கேன்? பாட மட்டும் நான் ஆகாது, பேரு மட்டும் வேணுமாக்கும்!" வாங்க போங்க என்று வேறு பேசினாள், கோபம் வந்தால் அப்படித்தான் வரும். அவன் "சரி" என்றான். சரி என்றால் சரிதான் ஆசீருக்கு, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற கிறுக்கன். அதற்குப் பிறகு வருகிற முதல் மெட்டு இதுதான். அப்படியானால் இந்த லல இவள் கேட்டு வாங்கினது. போடாதே என்றாள், போடவில்லை. ஆனால், கடவுளே, போடாதே என்றால் போடாமல் விட்டுவிடுவதா? ஒரு மனுஷி கோபத்தில் ஆயிரம் சொல்வாள். சொன்னதைக் கேட்டு நடக்கிறவன் அன்பாக இருக்கிறானா, இல்லை, விட்டது தொல்லை என்று இருக்கிறானா? ரெண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. கிண்டியில் கூட்டம் முட்டித் தள்ளியது, பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

சைதாப்பேட்டைக்கு முன்னால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. யாரோ ஒருத்தியின் முழங்கை ஒயரில் பட்டு இழுத்தது, சட்டென்று வலது காது திறந்துகொண்டது. இவள் இயர்போனில் வலது காது செத்து எத்தனையோ மாசம். ஒயரை ஒரு தினுசாக மடக்கிப் பிடித்தால் உயிர் வரும், விட்டால் போய்விடும், புதுசு வாங்கு வாங்கு என்று ஆசீர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறான். காலையிலிருந்து பாதி மெட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், அரைக் காதை வைத்துக்கொண்டு முழு ஒப்பாரி. வலது பக்கத்தில் அந்தப் பரவிக்கிடக்கிற சத்தம் இருந்தது, ஆர்மோனியத்தில் விரலை எடுக்காமல் பிடித்தமாதிரி பாட்டுக்கு அடியில் நீளமாக விரித்துப் போடுவானே, அது. இதுவரை அவன் போடாத புது சத்தம். ம்ம் என்று வந்தது, அலையாக வந்து, முடிகிற இடத்தில் ஒரு சின்ன இழுப்பு. மறுபடி ம்ம், மறுபடி இழுப்பு. ஒயரை விரலால் அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டாள். அடப்பாவி. இது நான். பூண்டு உரிக்கும்போது வாய்க்குள்ளேயே இழுத்துக்கொண்டிருப்பாளே, அந்த ம்ம். எப்போது வந்து பதிவு பண்ணினான் என்றே தெரியாது. அதை எடுத்து கம்ப்யூட்டரில் போட்டு, நீட்டி, கட்டைக்குக் கட்டை மேலும் கீழும் இழுத்துக் கீபோர்டாக்கி வைத்திருக்கிறான். அவன் எந்தக் கட்டையைத் தொட்டாலும் இவள் முனகுகிறாள். அந்த இழுப்பை வெட்டியிருக்கலாம். ஒரு தூசு இருந்தாலும் உட்கார்ந்து வெட்டுகிறவன், அதை வெட்டவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அது வரட்டும் என்று விட்டிருக்கிறான், அது வருகிற இடத்தில்தான் அடுத்த சுரத்தை வைத்திருக்கிறான்.

அழுகை வந்துவிட்டது, இந்தத் தடவை மறைக்கக்கூட இல்லை. ஆனால் இந்த மனசு இருக்கிறதே, ஒரு நிமிஷம் நிம்மதியாக அழவிடுமா? எதற்காக எடுத்து வைத்தான்? ஊருக்குப் போகிறவன்தானே படம் எடுத்து வைத்துக்கொள்வான், கூடவே இருக்கப்போகிறவனுக்குப் படம் எதற்கு? குரல் பெட்டிக்குள் போய்விட்டது, இனி ஹைதராபாத்தில் ஒற்றை அறையில் உட்கார்ந்து கட்டையைத் தொட்டால் போதும், சுகி வருவாள், கோபப்படாத சுகி, வேலையை விட்டு வரவேண்டாத சுகி, வசதியான சுகி. ஐயோ, ரெண்டும் சரியாக இருக்கிறதே. ஆசையிலும் எடுத்திருக்கலாம், விடைபெறவும் எடுத்திருக்கலாம். இங்கே உட்கார்ந்துகொண்டு மெட்டைக் குடைந்தால் இது தெரியாது. இருநூறு தடவை கேட்டாலும் தெரியாது. அவனைக் கேட்டால்தான் தெரியும். கேட்கிறதற்கு ஒரு வரி போதும், அந்த ஒரு வரிதான் தொண்டையைத் தாண்ட மாட்டேன் என்று இத்தனை நாளாக, தானந் தனத்தனா, இத்தனை நாளாக, தானந் தனத்தனா... நானும் வரட்டுமா. சுகிர்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நானும் வரட்டுமா. மெட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தது, ஒரு இம்மி ஏறவில்லை, இறங்கவில்லை. ஈரமும் தூரமும் தேடித் தேடிச் செத்தாளே, இந்த மூதேவி வரி இங்கேயே காலை நீட்டிப் படுத்திருந்திருக்கிறது.

டைப் அடித்தால் அடித்து அழித்துவிடுவாள், அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாதா. மைக்கை அழுத்திப் பிடித்தாள். பெண்கள் பெட்டி முழுக்க ஆள், தலைக்கு மேல் கைகள், ஒருத்தி ஹேர்பின் விற்கிறாள், யாருடைய குழந்தையோ வீறிடுகிறது. பாடினாள். குரல் உடைந்துதான் வந்தது, 'வரட்டுமா'வில் மூச்சு போதாமல் அந்த இழுப்பும் வந்தது, வரட்டும். கடைசியில் ரெண்டு அட்சரம் மிஞ்சியது. அங்கே என்ன போடுவது என்று யோசிக்கவே இல்லை. ஆசீர், என்று போட்டாள். அந்த இடத்துக்கு அது நீளம், குறில் இருக்கவேண்டிய இடத்தில் ரெண்டு நெடில், கணக்குப்படி பெரிய தப்பு. இழுத்துப் பிடித்துத் திணித்துவிட்டு விரலை எடுத்தாள். போய்விட்டது. கடலைக்கார அம்மாள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ பாட்டுக்காரியா? சொல்லவேல்ல. யாரு அது ஆசீரு?" "வீட்டுக்காரர்." "எங்கயாம் போவணும் அவரோட?" "ஹைதராபாத்." "அதுக்கு இன்னாத்துக்குப் பாடிக் கேக்குற? பொட்டியத் தூக்கினு போவியா!" மாம்பலம் வந்தது. ரெண்டு டிக்கும் நீலமாயின. கேட்டுவிட்டான். மாம்பலத்தில் ஏறவேண்டியவர்கள் எல்லாரும் ஏறினார்கள், வண்டி கிளம்பியது, அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் கேட்டாய், கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் ரெண்டு நாள் நம்பிக்கொண்டாவது இருந்திருக்கலாம். பக்கத்தில் நிரஞ்சனா இருப்பாளோ, ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்திருப்பானோ? இருக்கட்டும், சிரிக்கட்டும், எல்லாரும் சிரிக்கட்டும், நான்தான் சுகி என்று போய் நிற்கிறேன், ஒரு பதில் மட்டும் சொல்லிவிடு. பாழாய்ப்போனவனே, ஒரு லல என்றாவது சொல்லு.

கோடம்பாக்கத்தில் வண்டி நிற்கும்போது வந்தது. எழுத்து இல்லை, குரல். ஸ்டுடியோவுக்கு இங்கேதான் இறங்கவேண்டும், எழுந்தால் ஒயர் நழுவிவிடும், நழுவினால் ஒரு காது போய்விடும். உட்கார்ந்தபடியே ஒயரை மடக்கிப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். கீபோர்டு இல்லை. தொண்டையைச் செருமினான். தானந் தனத்தனா, என்று பாடினான், பாடத் தெரியாதவன், சுருதி கொஞ்சம் விலகியிருந்தது. ரெண்டு அட்சரத்துக்கு உண்டான இடம் காலியாகப் போயிற்று. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சுகி." பாடவில்லை, பேசினான். "ஏட்டி, நான் கூப்பிட்டா நீ மாட்டேன்னு சொல்லமாட்ட, எல்லாத்தையும் போட்டது போட்டபடி போட்டுட்டு வந்து நிப்ப. அந்தப் பயத்துலதான் கூப்பிடல. நீயா கேப்பியான்னு..." அதற்கு மேல் குரல் போகவில்லை, முடிகிற இடத்தில் ஒரு இழுப்பு, வீசிங் இல்லாதவனுக்கும் அது வரும் போலிருக்கிறது. வண்டி நகர்ந்துவிட்டது. "கோடம்பாக்கம்னு சொன்ன மாதிரி இருந்துச்சே, எறங்கலியா?" என்றாள் எதிரிலிருந்த அம்மாள். "அடுத்ததுல எறங்கிக்கிறேங்க்கா" என்று சொல்லிவிட்டு, சுகிர்தா ஒயரை விடாமல் இன்னொரு தடவை போட்டாள்.